காத்தை நிறுத்துறது பூச்சா, நெசவா? - ஒரு கையில்லாச் சட்டையின் வரலாறு

சேலத்துல ஏதாவது ஒரு துணிக்கடைக்குள்ள போய் "வெஸ்ட் இருக்குங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் மறுபேச்சு பேசாம உங்க மாரளவை ஒரு பார்வை பார்த்துட்டு, திருப்பூர் பனியன் டப்பா ஒண்ணை எடுத்து மேசையில போடுவார். அவர் மேல தப்பே இல்லை. நம்மூர்ல வெஸ்ட்னா உள்பனியன்தான். அமெரிக்காக்காரன் வெஸ்ட்னு சொல்றது சட்டைக்கு மேல மாட்டுற கையில்லாத அங்கி. பிரிட்டிஷ்காரன் அதையே பிரெஞ்சுல இருந்து கடன் வாங்கி ஜிலேன்னு சொல்றான். சைக்கிள் ஓட்டுறவங்க காத்துக்குப் போடுற வின்ட் வெஸ்ட்னு ஒண்ணு இருக்கே, அதைத் தமிழ்ல என்னன்னு சொல்றது?

சொல் தேடுற நண்பர்களுக்கு ஒரு தகவல். பத்துப்பாட்டுல வர்ற முல்லைப்பாட்டு, பாசறையில காவலுக்கு நின்ன யவனர்களைப் பத்திச் சொல்லும்போது அவங்க 'மெய்ப்பை' போட்டிருந்ததாச் சொல்லுது. மெய்க்கு ஒரு பை! கோட்டு, ஜாக்கெட்டுக்கு இதைவிட அழகான சொல் கிடைக்குமான்னு தெரியலை. அதனால நம்ம சங்கதிக்குக் கையில்லா மெய்ப்பைன்னு பேர் வச்சுக்கலாம். ஆனா நான் இந்தப் பதிவு முழுக்க 'காத்துச்சட்டை'ன்னே எழுதப் போறேன். பேசறப்ப வாயில வரணுமில்லீங்களா :-)

இதுல ஒண்ணு வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சா, விளம்பரம் எல்லாம் பூச்சு, படலம், தொழில்நுட்பம்னு என்னென்னவோ பேசுது. கொஞ்சம் பின்னாடி போய் இந்தத் துணிகளோட வரலாற்றைப் படிச்சா வேற ஒரு விஷயம் தெரியுது. நீடிச்சு உழைச்ச காத்துத்துணி எல்லாமே நெசவால காத்தை நிறுத்துனதுதான், பூச்சால நிறுத்துனது இல்லை. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சந்தோஷமான சேதி. அதைத்தான் எழுதப் போறேன்.

வெயில்ல வேகுற ஊருக்குக் காத்துச்சட்டை எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, முதல்ல ஊர்க் காத்து.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு தாண்டி நம்ம பக்கம் வரும். மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தாண்டையே கொட்டிட்டு, காஞ்ச காத்தா வரும். சங்ககிரியில இருந்து குமாரபாளையம் பார்த்து ஆடி மாசத்துல மிதிச்சவங்களுக்குத் தெரியும், சமதளத்துலயே மலை ஏறின மாதிரி இருக்கும். இந்தக் காத்துக்குக் காத்துச்சட்டை வேண்டவே வேண்டாம். அது சூடான காத்து. சட்டை போட்டா உள்ள அவியத்தான் செய்யும். போட்டிருக்கற சட்டை படபடன்னு அடிக்காம உடம்போட ஒட்டி இருந்தாப் போதும்.

நமக்கு வேண்டியது ரெண்டு சமயத்துக்கு. ஒண்ணு மார்கழி, தை விடியக்காலை. சேலத்துல அப்ப 18, 19 டிகிரி இருக்கும். டெல்லிக்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா மணிக்கு 25 கி.மீ. வேகத்துல போறவன் தனக்குத்தானே அந்த வேகத்துக்கு ஒரு காத்தை உண்டாக்கிக்கிறான். இன்னொண்ணு மலை இறக்கம். சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் சுமாருக்கு இருக்கு, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும்கிற கணக்குல பார்த்தா, மேல போறப்பவே 8 டிகிரி காணாமப் போயிருக்கும். கொல்லிமலைக்குக் காரவள்ளியில இருந்து போனா 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வேர்வையில தொப்பலா நனைஞ்சு, டீ குடிச்சுட்டு, அதே ஈரச்சட்டையோட இறங்குவோம். இறங்கறப்ப மிதிக்க வேண்டியதில்லை, உடம்பு சூடு உண்டாக்கறதை நிறுத்திடும். காத்து மட்டும் நிக்காம அடிக்கும்.

மண்பானைத் தண்ணி எப்படிக் குளிருது? பானை கசியும், கசிவு ஆவியாகும், ஆவியாகறதுக்கு வேண்டிய சூட்டைத் தண்ணியில இருந்தே எடுத்துக்கும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கிலோ கலோரி வேணும். ஈரச்சட்டையோட மலை இறங்கறவன் ஒரு நடமாடும் மண்பானை. கடைசி அடிவாரத்துல பிரேக் பிடிக்கிற விரல் மரத்துப் போறது எல்லாம் இந்த வேலைதான். சளி பிடிக்கும்னு வீட்டுல சொல்றதை விட்டுடுங்க, பிரேக் பிடிக்கற கை வேலை செய்யணும், அதுதான் முக்கியம்.

இது எவ்வளவு தூரம் போகும்கிறதுக்கு சைக்கிள் பந்தய உலகத்துல ஒரு நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. 1988 ஜூன் 5, இத்தாலியோட ஜீரோ பந்தயம், காவியா கணவாய். 2,600 மீட்டருக்கு மேல உயரம். ஜூன் மாசத்துல பனி கொட்டுது. கணவாய் உச்சியை முதல்ல தாண்டினவர் டச்சுக்காரர் யோஹான் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையோட, மேல ஒண்ணும் போடாம. ஏறினவரைக்கும் அவர்தான் ராஜா. இறக்கத்துல குளிர் தாங்காம வண்டியை நிறுத்தி ஒதுங்க வேண்டியதாப் போச்சு. பந்தயம் முடிக்கறப்ப முக்கால் மணி நேரத்துக்கும் மேல பின்தங்கிட்டார். அதே நாள் ஆண்டி ஹாம்ப்ஸ்டன்னு ஒரு அமெரிக்கர். அவர் அணிக்காரங்க வானிலையைக் கேள்விப்பட்டு, பனிச்சறுக்குக் கடைகள்ல கையில கிடைச்ச குளிர் உடுப்புகளை எல்லாம் வாங்கி வச்சிருந்தாங்க. அவர் அன்னைக்கு ரெண்டாவதா வந்தார், இளஞ்சிவப்புச் சட்டை அவருக்கு வந்தது, பந்தயமும் அவருக்கே. ஜீரோவை ஜெயிச்ச முதல் அமெரிக்கர். காலுல பலம் யாருக்கு அதிகம்கிறதை அந்த இறக்கம் கேக்கவே இல்லை.

சரி, காத்துச்சட்டை வர்றதுக்கு முன்னாடி பந்தயக்காரங்க என்ன பண்ணினாங்க? செய்தித்தாள்! மலை உச்சியில நிக்கிற ரசிகர்கள் கையில இருந்து பேப்பரை வாங்கி, மடிச்சு, சட்டைக்குள்ள நெஞ்சுப் பக்கமா செருகிக்குவாங்க. அடிவாரம் வந்ததும் உருவி எறிஞ்சிடுவாங்க. பல தலைமுறையா நடந்த பழக்கம் இது. சொல்லப்போனா டூர் டி பிரான்ஸ் பந்தயமே ஒரு பேப்பர்காரன் பந்தயம்தான். 1903ல லோட்டோங்கிற பத்திரிகை விற்பனையைக் கூட்டறதுக்காக ஆரம்பிச்சது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாள்ல வந்துச்சு. அதனால 1919ல முதலிடத்துல இருக்கறவனுக்கு மஞ்சள் சட்டை கொடுத்தாங்க. ஆக மேல போடுற சட்டையும் பேப்பர், உள்ள செருகுறதும் பேப்பர் :-)

பேப்பர் சாதாரண ஐடியா இல்லைங்க. யோசிச்சுப் பாருங்க, அதுல ஒரு நல்ல காத்துச்சட்டைக்கு வேண்டிய மூணு குணம் இருக்கு. காத்தை நிறுத்தும். முன்பக்கம் மட்டும் மறைக்கும், முதுகு திறந்தே இருக்கறதால வேர்வை அந்தப் பக்கம் போயிடும். வேண்டாம்னா ஒரு நொடியில கழட்டிடலாம். இன்னைக்குப் பல ஆயிரம் ரூபாய்க்கு விக்கிற சட்டையும் இந்த மூணைத்தான் செய்யுது. நாலாவதா ஒரு குணம்தான் பேப்பருக்கு இல்லை, அது உழைக்காது.

நம்ம பக்கம் விடியக்காலை நாலரைக்கு சைக்கிள்ல போறவங்க யாரு? பொழுதுபோக்குக்கு ஓட்டுற நாம அப்புறம்தான். ரெண்டு பக்கமும் கேன் கட்டின பால்காரர். கேரியர்ல பேப்பர் கட்டு வச்சிருக்கற பசங்க. இளம்பிள்ளை, பள்ளிப்பாளையம் பக்கம் ஷிப்டுக்குப் போற தறிக்காரங்க. இவங்க போட்டிருக்கறதைக் கவனிச்சிருக்கீங்களா? தலையில மங்கி குல்லா, இல்லேன்னா காதை மூடி ஒரு துண்டு. மேல ஸ்வெட்டர், அது பெரும்பாலும் வீட்டுல யாரோ போட்டுக் கழிச்சது. நான் பார்த்தவரைக்கும் ஸ்வெட்டர்க்காரங்க நடுங்கறதும், சட்டைக்கு மேல சட்டை போட்ட பால்காரர் சிரிச்சுக்கிட்டுப் போறதும் உண்டு. காரணம் இருக்கு. ஸ்வெட்டர் பின்னல் துணி. கண் கண்ணா ஓட்டை. நின்னுட்டிருக்கறப்ப அந்த ஓட்டையில காத்து தேங்கிச் சூடு தரும். சைக்கிள்ல போறப்ப அதே ஓட்டை வழியா காத்து நேரா நெஞ்சுல இறங்கும். ஸ்வெட்டருக்கு மேல ஒரு மெல்லிசு நெசவுத்துணி போட்டா அதே ஸ்வெட்டர் ரெண்டு மடங்கு வேலை செய்யும். பேப்பர் போடுற பசங்களைப் பார்க்கறப்பதான் வேடிக்கை. நெஞ்சுக்கு மருந்து பின்னாடி கேரியர்ல கட்டுக் கட்டா உக்காந்திருக்கும்.

இங்கிலாந்துலயும் ஆரம்பத்துல இந்தக் கூத்துதான். 1878லயே அங்க சைக்கிள் சுற்றுலாச் சங்கம் வந்தாச்சு. அந்தக் காலத்து சைக்கிள்காரங்க கம்பளி கம்பளின்னு உயிரை விட்டாங்க. நல்ல துணிதான், வேர்வையைக் குடிக்கும், நாறாது. ஆனா காத்து உள்ள வரும். காத்தையும் மழையையும் நிறுத்த அன்னைக்கு இருந்தது மெக்கின்டாஷ். ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் 1823ல ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பரை வச்சு ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. ஒரு சொட்டு வேர்வை வெளிய போகாது. வெயில்ல ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும், குளிர்ல விறைச்சுக்கும். கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தற முறை 1840கள்ல வந்த பிறகுதான் இளகறது நின்னுச்சு. வேர்வைப் பிரச்சனை நிக்கலை. நம்ம மழைக்கோட்டு போட்டு டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டின எல்லாருக்கும் அந்த உள்மழை அனுபவம் இருக்கும்.

வேற வழியில யோசிச்சவர் தாமஸ் பர்பரி. பேசிங்ஸ்டோக்ல துணிக்கடை வச்சிருந்தவர். 1879ல அவர் கண்டுபிடிச்ச கேபர்டீன்ல துணிக்கு மேல எதையும் பூசலை. நூலையே முதல்ல பதப்படுத்தி, அப்புறம் ரொம்ப நெருக்கமா நெய்யறது. காப்புரிமை 1888ல. அதே 1888லதான் டன்லப் காத்தடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினார். காத்தை உள்ள அடைக்கிறதும் காத்தை வெளிய நிறுத்தறதும் ஒரே வருஷம்! கேபர்டீன் 1911ல அமுன்ட்சென்கூட தென்துருவம் வரைக்கும் போச்சு. 1924ல மல்லோரி எவரெஸ்ட்ல போட்டிருந்ததும் அதுதான். 1923ல பர்ன்லி ஊர் ஆலைக்காரர் ஒருத்தர், வில்பிரெட் கிரென்பெல்ங்கிற மருத்துவர் லாப்ரடார் குளிர்ல வேலை செய்யறதுக்காக இன்னும் நெருக்கமா ஒரு பருத்தித்துணி நெய்தார். அது கிரென்பெல் துணி.

இதோட உச்சம் இரண்டாம் உலகப்போர் சமயத்துல. வட கடல்கள்ல விமானம் விழுந்தா விமானி சில நிமிஷத்துல குளிர்ல போயிடுவார். மான்செஸ்டர்ல ஷெர்லி இன்ஸ்டிடியூட்னு ஒரு பருத்தி ஆராய்ச்சி நிலையம். அவங்க நீள இழைப் பருத்தியை நூற்று, முறுக்கைக் குறைச்சு, எவ்வளவு அடிக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமா அடிச்சு ஒரு துணி நெய்தாங்க. பேரு வென்டைல். காஞ்சிருக்கறப்ப மூச்சு விடும். தண்ணி பட்டா பருத்தி இழை ஊதி, இருக்கற இடுக்கையும் அடைச்சுக்கும். பூச்சு வேலையே முக்கியம் இல்லை, துணியே கதவைச் சாத்திக்குது! 1940களின் நடுவுல பிரிட்டிஷ் விமானிகள் இதைப் போட்டுக்கிட்டாங்க. கடல்ல விழுந்தவங்க உயிர் பிழைக்கிற நேரம் நீண்டுச்சு.

நீள இழைப் பருத்தின்னதும் இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். குட்டை இழைப் பருத்தியில அத்தனை மெல்லிசு நூல் நூற்க முடியாது, மெல்லிசு நூல் இல்லாம அத்தனை நெருக்கமா நெய்ய முடியாது. இந்தியாவுல விளைஞ்சதுலயே மிக நீளமான இழை கொண்ட ரகம் சுவின். சுஜாதா, செயின்ட் வின்சென்ட்னு ரெண்டு ரகத்தைக் கலந்து கோயம்புத்தூர்ல உருவாக்கி 1974ல வெளியிட்டாங்க. சு + வின், பேர்லயே அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்க. அது எங்க விளைஞ்சதுன்னு நினைக்கறீங்க? நம்ம சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம்! ரொம்ப நாள் எடுக்கிற பயிர், பூச்சி வேற, விலை ஒத்துவரலைன்னு பரப்பு சுருங்கிப் போச்சு. ஆனா உலகத்தோட நல்ல காத்துத்துணிக்கு வேண்டிய பஞ்சு ஆத்தூர்ல இருந்துச்சு, தறி இளம்பிள்ளையிலயும் குமாரபாளையத்துலயும் இருந்துச்சு. ரெண்டும் அந்த வேலைக்காக ஒரு தடவைகூடச் சந்திக்கலைங்கிறதை நினைச்சா எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

ஏன் சந்திக்கலைன்னா, நமக்கு அது வேண்டியிருக்கலை. நம்ம ஊர் நெசவு காத்தை உள்ள விடற நெசவு. துண்டு, லுங்கி, போர்வை. 40 டிகிரி வெயிலுக்கு அதுதான் சரி. 1925ல ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சு கதர் நெய்ய வச்சாரே, அந்தக் கதரும் அப்படித்தான். கைநூல்ல முடி முடியா இருக்கும், அந்த முடிக்குள்ள காத்து நின்னு கதகதப்பாத் தெரியும். ஆனா சைக்கிள்ல ஏறி மிதிச்சா சல்லடை.

எங்க பெரியப்பா ஒருத்தர் குமாரபாளையத்துல நாப்பது வருஷம் தறி ஓட்டினவர். என் நைலான் காத்துச்சட்டையை அவர்கிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். அப்புறம் வாயோட வச்சு ஊதினார்.

"போகுதுங்களா பெரியப்பா?"

"எங்க கண்ணு போகுது, கன்னம்தான் வலிக்குது. பாவும் ஊடையும் இத்தனை நெருக்கமா அடிச்சிருக்கான். உள்ள ஏதாச்சும் பூசியிருக்குதா பாரு."

நகத்தால உள்பக்கம் சுரண்டிப் பார்த்தார். ஒண்ணும் வரலை. "பூச்சு இல்லடா. இஸ்திரி போட்டு அமுக்கியிருக்கான்."

அவர் சொன்னது அச்சு அசலா உண்மை. சூடான உருளைகளுக்கு நடுவுல துணியை விட்டு அழுத்தினா உருண்டை நூல் தட்டையாகி இடுக்கை மூடிக்கும். காலண்டரிங்னு பேரு. ஒரு கடையில காத்துச்சட்டை எடுக்கறப்ப பெரியப்பா செஞ்ச மூணையும் செய்யுங்க. வெளிச்சத்துல பாருங்க, ஊதுங்க, உள்பக்கம் தடவிப் பாருங்க. இதுக்கு மேல ஒரு ஆய்வுக்கூடமும் வேண்டாம். கொஞ்சூண்டு காத்து போச்சுன்னா அது நல்லது. சுத்தமா அடைஞ்சிருந்தா ஏற்காடு ஏறுறதுக்குள்ள அவிஞ்சிடுவீங்க.

நைலான் 1935ல டூபான்ட் கம்பெனியில கரோதர்ஸ் குழு உண்டாக்கினது. போர்க்காலத்துல பாராசூட்டுக்குப் போச்சு. கிழிசல் பரவாம இருக்க, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தடிச்ச நூலை பாவுலயும் ஊடையிலயும் விட்டு நெய்தாங்க. அதுதான் ரிப்ஸ்டாப். கட்டம் கட்டமா தெரியும். நம்ம லுங்கிக் கட்டம் அழகுக்கு, இது காவலுக்கு. கடைகள்ல 'பாராசூட் துணி'ன்னு கேட்டா எடுத்துத் தர்றது இந்த வம்சம்தான்.

அப்புறம் வந்தது படலம். 1969ல பாப் கோர், டெஃப்லான் தண்டு ஒண்ணைச் சூடாக்கி வெடுக்குன்னு இழுத்தார். அது அறுந்து போகாம பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோட ஒரு பொருளாச்சு. நான்-ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கற அதே சரக்கு. கோர்-டெக்ஸ்னு பேரு எடுத்தது. அற்புதமான கண்டுபிடிப்பு, மறுக்கலை. ஆனா அதைப் பார்த்து, மலிவா பாலியூரித்தேன் பூச்சு பூசின சட்டைகள் சந்தையில வந்து குவிஞ்சிருக்கு பாருங்க, அங்கதான் நம்ம ஊர்க்காரங்க உஷாரா இருக்கணும். அந்தப் பூச்சுல பல வகை சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் சிதையும். நம்ம வீட்டு பீரோ அதுக்குச் சரியான எமன். வேர்வையோட மடிச்சு வச்சுட்டு ரெண்டு கோடை கழிச்சு எடுத்தா, உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டும், இல்லேன்னா தோல் உரிஞ்ச மாதிரி செதில் செதிலா உதிரும். பழைய பயணப்பை உள்புறம் உதிர்றதைப் பார்த்திருப்பீங்களே, அதே வியாதி. மெக்கின்டாஷ் கதை இருநூறு வருஷம் கழிச்சு வேற பேர்ல! அதுக்கு டெய்லர்கிட்ட மருந்து கிடையாது. நெருக்க நெசவுத்துணி கிழிஞ்சா ஒரு ஒட்டு போட்டா முடிஞ்சது.

இனி வாங்கற விஷயம். துணி நூலோட பருமனை டெனியர்ல சொல்லுவாங்க. 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். சேலம் பட்டுக்காரங்களுக்கு இது பழகின கணக்கு. விளம்பரத்துல பத்து டெனியர், உள்ளங்கையில அடங்கும், ஐம்பது கிராம்தான்னு ஆசை காட்டுவாங்க. ராசிபுரம், வையப்பமலைப் பக்கம் உள்ரோட்டுல போறவங்க அதை வாங்காதீங்க. சீமைக்கருவேல முள்ளு ஒண்ணு உரசினாப் போதும். இருபதுக்கு மேல, முப்பது டெனியர் வாக்குல ரிப்ஸ்டாப்பா இருந்தா நல்லது. கூடப் போற முப்பது கிராமுக்காக நம்ம யாரும் டூர் டி பிரான்ஸ்ல தோக்கப் போறதில்லை.

முன்பக்கம் நெருக்க நெசவு, முதுகுப்பக்கம் வலைத்துணி. இதுல சமரசமே கூடாது. முதுகும் அடைச்ச சட்டை மலை நாட்டுக்காரனுக்கு. அளவு இறுக்கமா இருக்கணும். தொளதொளன்னு இருந்தா ரெண்டு கெடுதல்: பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிச்சு வேகத்தைக் குறைக்கும், அதைவிட, நம்ம சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில லாரி ஒண்ணு உரசிப் போறப்ப அந்த இழுப்புல வண்டியையே ஆட்டும். லாரிக்குப் பேர்போன ஊருல இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம விடக்கூடாது. ஜிப்பைத் திறந்து விட்டுட்டுப் பறக்க விடறதும் அதே கதை.

முதல்ல போறது எப்பவும் ஜிப்புதான். ரன்னர் பெருசா, ஒரு கையால, உறை போட்ட விரலாலயும் இழுக்கற மாதிரி இருக்கணும். 1934ல ஆரம்பிச்ச ஜப்பான் ஒய்கேகே ஜிப் போட்டிருந்தா கொஞ்சம் நம்பலாம், போலியும் நிறைய இருக்கு. கீழே இருந்தும் திறக்கற ரெண்டு ரன்னர் ஜிப் இருந்தா, பின்பாக்கெட்டுல இருக்கற வாழைப்பழத்தை எடுக்கச் சட்டையைக் கழட்ட வேண்டியதில்லை.

நிறம் கறுப்பு வேண்டவே வேண்டாம். கண்ணைப் பறிக்கிற பச்சையும் ஆரஞ்சும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தச் சாயம் வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும். வெளுத்த பிறகும் வேலை செய்யறது ஒளி திருப்பற பட்டைதான், அதை முதுகுல பார்த்து வாங்குங்க. இன்னொரு குழப்பமும் உண்டு. 200, 300 கி.மீ. ப்ரெவே ஓட்டங்கள்ல ராத்திரிக்குக் கட்டாயம் போடச் சொல்ற ஒளி திருப்பும் வெஸ்ட் வேற, இது வேற. அது வலைத்துணி, ரோடு வேலைக்காரங்க போடறது. காத்து அது வழியா தாராளமாப் போகும். 2019ல பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் 1,200 கி.மீ. ஓட்டத்துக்கு நம்ம நாட்டுல இருந்து முந்நூறுக்கும் மேல பேர் போனாங்க. தூரத்தை விட ராத்திரிக் குளிர்தான் பல பேரைப் படுத்தியிருக்கு. அங்க போக ஆசை இருக்கறவங்க கொல்லிமலை இறக்கத்துல, விடியக்காலையில, தங்கள் சட்டையை ஒரு தடவை சோதிச்சுக்கறது நல்லது.

விலைக்கு வர்றேன். இந்தச் சட்டை ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து பத்தாயிரத்தைத் தாண்டியும் போகுது. பால்காரர் இதை வாங்க மாட்டார், வாங்கவும் வேண்டாம். ராசிபுரத்து நண்பர் ஒருத்தர் அரை மீட்டர் சொச்சம் பாராசூட் துணியும், பழைய கால்பந்துச் சட்டையோட வலை முதுகையும் ஒரு டெய்லர்கிட்டக் கொடுத்துத் தைச்சுக்கிட்டார். துணி எடுக்கறப்ப ஊதிப் பார்த்து, உள்பக்கம் பூச்சு இல்லாததாத் தேடி எடுத்தது அவர் சாமர்த்தியம். ஜிப்போட சேர்த்து, நாலு பேர் போய் நல்ல ஓட்டல்ல சாப்பிடற செலவுக்குள்ள முடிஞ்சது. மூணு மார்கழி ஓடியாச்சு. கழுத்துப் பட்டி மட்டும் கொஞ்சம் உயரம் போதலைன்னு சொல்றார், அடுத்ததுல ரெண்டு விரல் ஏத்தி வைக்கப் போறாராம். அவங்க தெருப் பால்காரர் ஒரு நாள் அதை வாங்கித் தடவிப் பார்த்துட்டு, "இதே மாதிரி எனக்கொண்ணு தைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க சார், ஆனா முன்னாடி ரெண்டு பை வேணும், சில்லறை போட"ன்னு கேட்டிருக்கார். எந்தக் கம்பெனிச் சட்டையிலயும் முன்பக்கம் ரெண்டு பையும் சில்லறை தாங்குற தையலும் நான் பார்க்கலை.

கொசுறு: துவைக்கறப்ப பச்சைத்தண்ணி, கொஞ்சம் சோப்பு. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கிகள் வேண்டாம், நூல் மேல படிஞ்சு உக்காந்துக்கும். ஜிப்பை மூடிட்டு, உள்பக்கத்தை வெளிய திருப்பித் துவைங்க. நிழல்ல காயப்போடுங்க. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டு போகாதீங்க, அந்த வேலையை ஆலையிலயே முடிச்சுட்டாங்க.